ஒரே படத்தில் இரண்டு பெயர்கள்: சாமுவேல் கசின்ஸும் உருவப்பட அச்சுக்கலையும்

லண்டன் நேஷனல் கேலரி 2021ல் ஓர் உருவப்படத்தை 93 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. சர் தாமஸ் லாரன்ஸ் 1825ல் வரைந்த 'மாஸ்டர் லாம்ப்டன்' என்ற எண்ணெய் வண்ண ஓவியம் அது. சிவப்பு வெல்வெட் உடையில் ஒரு சிறுவன் பாறைமேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அதனால் 'சிவப்புப் பையன்' என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். 1967ல் பிரிட்டிஷ் அஞ்சல்தலையிலும் இடம்பிடித்த படம் இது.

இதை இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். வண்ண ஓவியத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் இன்னொரு படம் கிடைக்கும். அதே பையன், அதே பாறை, அதே நிலவொளி. குறிப்பில் மட்டும் 'சாமுவேல் கசின்ஸ், 1827' என்று இருக்கும். புகைப்படம் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ல்தான். அப்படியானால் இது என்ன? நகலா, தனி ஓவியமா? கசின்ஸ் யார்?

அவர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மிகப் பெயர்பெற்ற செதுக்குக் கலைஞர்களில் ஒருவர். பிறர் வண்ணத்தில் வரைந்த முகங்களை உலோகத் தகட்டில் செதுக்கி, மையிட்டு அச்சடிக்கும் படமாக மாற்றுவது அவர் தொழில். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அவர் வாழ்க்கையும் விளங்கும்.

## படத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய அச்சோவியங்களின் கீழ்விளிம்பில் பொதுவாக மூன்று விவரங்கள் இருக்கும்.

1. இடது மூலையில் ஓவியரின் பெயர். பக்கத்தில் 'பிங்க்சிட்' என்ற லத்தீன் சொல்லோ அதன் சுருக்கமோ இருக்கும். வண்ணத்தில் வரைந்தவர் இவர் என்று பொருள்.
2. வலது மூலையில் செதுக்கியவரின் பெயர். அதனுடன் 'ஸ்கல்ப்சிட்' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ வரும்.
3. நடுவில் வெளியீட்டாளரின் பெயர், முகவரி, வெளியிட்ட தேதி.

மூன்றாவது விவரம் அழகுக்காகப் போட்டதல்ல. அச்சோவியங்களுக்குக் காப்புரிமை தந்த 1735ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரின் பெயரும் தேதியும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்றது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் முன்னின்று போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. முதலில் சொந்தமாகக் கற்பனை செய்து செதுக்கியவர்களுக்கு மட்டுமே, அதுவும் 14 ஆண்டுகளுக்கு மட்டுமே பாதுகாப்பு இருந்தது. 1766ஆம் ஆண்டுச் சட்டம் அதை 28 ஆண்டுகளாக நீட்டியதோடு, பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய படங்களையும் சேர்த்துக்கொண்டது. அதாவது, ஓவியத்தைத் தகட்டுக்குக் கொண்டுவருவதும் பாதுகாக்கத் தகுந்த ஒரு வேலைதான் என்று சட்டம் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டது. கலையுலகம் ஒப்புக்கொள்ளத்தான் இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

## மெசோடிண்ட் எப்படிச் செய்யப்படுகிறது?

தகட்டில் படம் செதுக்கப் பல வழிகள் உண்டு. கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவது ஒன்று. அமிலத்தால் அரிக்கவைப்பது இன்னொன்று, அதற்கு எட்சிங் என்று பெயர். புள்ளி புள்ளியாகக் குத்துவது ஸ்டிப்பிள். கசின்ஸ் கற்றது மெசோடிண்ட். லுட்விக் ஃபான் சீகன் என்பவர் 1642ல் ஒரு பெண்மணியின் உருவப்படத்தில் முதன்முதலாகக் கையாண்ட முறை இது. பிறந்த இடம் ஐரோப்பியக் கண்டம் என்றாலும், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில்தான் செழித்தது. பிரெஞ்சுக்காரர்களே இதை 'ஆங்கில முறை' என்றார்கள்.

மற்ற முறைகளில் வெள்ளைத் தளத்தில் கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். மெசோடிண்டில் எல்லாம் தலைகீழ்.

1. வழவழப்பான செம்புத் தகட்டை எடுத்து, ராக்கர் என்ற கருவியை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அகன்ற, வளைந்த அலகின் விளிம்பு முழுக்க நுண்ணிய பற்கள் கொண்ட கருவி அது. நெடுக்கு, குறுக்கு, மூலைவிட்டம் என்று திசை மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டவேண்டும். பெரிய தகட்டுக்கு இந்த வேலைக்கே வாரக்கணக்கில் ஆகும்.
2. ஒவ்வொரு பல்லும் ஒரு குழியைப் பறித்து, பக்கத்தில் ஒரு பிசிறைக் கிளப்பிவிடும். முடிவில் தகடு முழுவதும் உப்புத்தாள் போல சொரசொரப்பாகிவிடும். இந்த நிலையில் மை தடவி அச்சடித்தால் ஒரே கறுப்புதான் விழும், வெல்வெட் துணியைத் தொட்ட மாதிரி ஆழமான கறுப்பு.
3. இனிமேல்தான் படம். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே சுரண்டியால் பிசிறைச் சீவி எடுப்பார்கள். கொஞ்சம் சீவினால் சாம்பல் நிறம், நிறையச் சீவினால் வெளிர்நிறம். கண்ணின் ஒளிப்பொட்டு, மூக்கு நுனி மாதிரி இடங்களை மெருகுக் கருவியால் தேய்த்து வழவழப்பாக்கினால் அங்கே மை ஒட்டாது. அதுதான் வெள்ளை.
4. மையைத் தகட்டில் அழுத்திப் பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய காகிதத்தை மேலே வைத்து உருளை அச்சுப்பொறிக்குள் செலுத்துவார்கள். தகட்டின் படம் காகிதத்தில் இடவலம் மாறி விழும். அதனால் செதுக்குபவர் ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிச் செதுக்கவேண்டும்.

இந்த முறையில் கோடே கிடையாது, நிழலும் ஒளியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். கன்னத்தின் மென்மை, பட்டின் பளபளப்பு, தலைமுடியின் அடர்த்தி ஆகியவை உருவப்படத்தின் உயிர். அவற்றைக் காட்ட இதைவிடப் பொருத்தமான முறை அன்று வேறு இருக்கவில்லை.

'நகல்தானே' என்று இதை ஒதுக்கமுடியாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 'மாஸ்டர் லாம்ப்டன்' ஓவியத்தில் பையனின் உடையைத் தூக்கிக்காட்டுவது சிவப்பு. பின்னாலிருக்கும் பாறையும் இரவு வானமும் பழுப்பிலும் நீலத்திலும் இருப்பதால் சிவப்பு தானாகவே முன்னுக்கு வந்துவிடுகிறது. தகட்டில் சிவப்பு கிடையாது. சிவப்பை அப்படியே அதற்கிணையான சாம்பலாக மாற்றினால் உடையும் பாறையும் ஒன்றாகக் கலந்துபோகும். வெல்வெட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் எந்த விளிம்பு ஒளிர வேண்டும், முழங்கையின் கீழே இருட்டு எவ்வளவு ஆழம் போகவேண்டும், முகத்தைவிட உடை ஒரு படி அடங்கியிருப்பது எப்படி என்பதையெல்லாம் செதுக்குபவரே முடிவு செய்தாக வேண்டும். ஓவியத்தில் அதற்கான விடை எழுதியிருக்காது.

## எக்ஸிடரிலிருந்து லண்டனுக்கு

சாமுவேல் கசின்ஸ் 1801 மே 9 அன்று தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்தார். பென்சில் கையில் வந்தபோதே திறமையும் தெரிந்துவிட்டது. பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே லண்டன் கலைச் சங்கம் அவர் வரைபடங்களுக்குப் பரிசு தந்தது. 1814ல், 13 வயதில், சாமுவேல் வில்லியம் ரெனால்ட்ஸ் என்ற மெசோடிண்ட் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். (18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வேறு, இவர் வேறு.)

அந்தப் பட்டறையில் அப்போது ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஜோஷுவா ரெனால்ட்ஸின் ஓவியங்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சிறிய மெசோடிண்ட் படங்களாக வெளியிடும் திட்டம். அவற்றுள் சிறந்தவை பலவற்றைச் செதுக்கியது இளைஞன் கசின்ஸ். ஆனால் வெளிவந்தது குருவின் பெயரில். அந்தக்காலப் பட்டறை வழக்கம் அப்படித்தான், ஓவியர்களின் பட்டறைகளிலும் இதுவே நடைமுறை. ஆகவே அடியிலுள்ள இரண்டாவது பெயரையும் முழுசாக நம்பிவிட முடியாது. அதற்குப் பின்னால் பெயரில்லாத கைகள் பல இருக்கலாம்.

கசின்ஸுக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1826ல். தாமஸ் லாரன்ஸ் வரைந்த 'லேடி அக்லண்டும் பிள்ளைகளும்' ஓவியத்தை அவர் மெசோடிண்டாகச் செய்தார். அடுத்த ஆண்டே 'மாஸ்டர் லாம்ப்டன்' வந்தது. லாரன்ஸ் அப்போது லண்டனின் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் தலைவர், ஐரோப்பிய அரசர்களையும் தளபதிகளையும் வரைந்தவர். ரோமுக்கே போய் 1819ல் போப் ஏழாம் பயஸை உட்காரவைத்து வரைந்தவர். அந்த போப் படத்தையும் கசின்ஸ் செதுக்கினார்.

லாரன்ஸும் கசின்ஸும் சேர்ந்தது இருவருக்கும் நல்ல வாய்ப்பு. லாரன்ஸின் தூரிகையில் பளிச்சென்ற ஒளியும் வேகமும் அதிகம். மெசோடிண்ட் இயல்பிலேயே இருட்டை நோக்கி இழுக்கும் முறை. கசின்ஸ் அதை வெளிச்சப் பக்கமாக இழுத்துவந்தார். அவர் படங்களில் வெள்ளை உண்மையிலேயே ஒளிரும். 1830ல் லாரன்ஸ் இறந்த பிறகும் அந்த ஓவியங்கள் புதிய புதிய வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததில் கசின்ஸின் தகடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியம் ஒரு பிரபுவின் மாளிகையில் தொங்கும், அங்கே போய்ப் பார்க்கக்கூடியவர்கள் சிலர்தான். மற்ற எல்லாருக்கும் அச்சோவியம்தான் ஓவியம்.

## செம்பு போய் எஃகு வந்தது

கசின்ஸின் வாழ்க்கையைத் திருப்பியது ஓர் உலோக மாற்றம். என் பார்வையில் அவர் கதையின் மையமே இதுதான்.

செம்பு மென்மையான உலோகம். மெசோடிண்டில் மையைப் பிடித்துவைப்பது அந்த நுண்ணிய பிசிறுகள்தான். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அச்சுப்பொறியில் நசுங்கும்போதும் அவை கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். நூறு, இருநூறு படிகள் போனதுமே ஆழமான கறுப்பு வெளிறத் தொடங்கிவிடும். கோட்டுச் செதுக்கலில் பள்ளம் ஆழமாக இருப்பதால் படிகள் பல மடங்கு கிடைக்கும். வியாபாரக் கணக்கில் மெசோடிண்ட் தோற்றுக்கொண்டிருந்தது.

1820களின் தொடக்கத்தில் மாற்று வந்தது. தாமஸ் லப்டன் என்ற செதுக்குக் கலைஞர் மென்மையாக்கப்பட்ட எஃகுத் தகட்டில் மெசோடிண்ட் செய்துகாட்டினார். அதற்காகக் கலைச் சங்கம் 1822ல் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. எஃகுத் தகட்டில் படிகள் ஆயிரத்தைத் தாண்டும்.

அதன் விளைவுகள் சங்கிலியாக வந்தன:

1. படிகள் அதிகமானதால் ஒரு படத்தின் விலை இறங்கியது. பிரபுக்கள் மட்டும் வாங்கிவந்ததை நடுத்தர வர்க்கமும் வாங்கத் தொடங்கியது. வெளியீட்டாளர்கள் இன்னும் பெரிய பதிப்புகளைக் கேட்டார்கள்.
2. எஃகில் சுரண்டுவது கடினம். செம்பில் கை தாராளமாக ஓடும், எஃகில் ஒவ்வொரு சாம்பல் நிறத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டும். பெரிய தகட்டை முழுக்கச் சுரண்டியே முடிக்க நேரம் போதாது.
3. அதனால் கலப்பு முறை பிறந்தது. நுணுக்கமான பகுதிகளை அமிலத்தால் அரித்தும், புள்ளி குத்தியும், பல்சக்கரக் கருவியை உருட்டியும் முடித்துவிட்டு, மீதியை மெசோடிண்டாக விடுவது. கசின்ஸ் இதில் கைதேர்ந்தவரானார்.
4. பெரிய பதிப்புகளுக்கு எஃகின் பிசிறும் போதாமல் போனபோது, இருட்டுப் பகுதிகளைக் கூடுதலாகக் குத்தி பலப்படுத்தினார். படம் தாங்கியது, ஆனால் நிழலின் மென்மை குறைந்தது.

இந்தக் கலப்பு முறை சந்தையை அடித்துச்சென்றது. எட்வின் லாண்ட்சீரின் 'போல்டன் அபே' ஓவியத்தை 1837ல் கசின்ஸ் இப்படி வெளியிட்டார். கோட்டுச் செதுக்கலில் பெயர்பெற்ற ஆபிரகாம் ரைம்பாக், இங்கிலாந்தில் தன் கலையின் வீழ்ச்சி அந்தப் படத்தோடுதான் தொடங்கியது என்று கருதினார். ஒரு பெரிய தகட்டில் வருடக்கணக்கில் கோடு கீறி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, வேகமாகவும் கவர்ச்சியாகவும் வந்து குவிந்த இந்தப் படங்களோடு போட்டியிட முடியவில்லை.

எஃகு வேறு பக்கமும் போனது. 1840ல் வந்த உலகின் முதல் அஞ்சல்தலையான 'பென்னி பிளாக்', விக்டோரியா ராணியின் உருவப்படச் செதுக்கல்தான். செதுக்கியவர்கள் சார்லஸ் ஹீத், ஃப்ரெடரிக் ஹீத் என்ற தந்தையும் மகனும். ஒரே எஃகு அச்சிலிருந்து உருளைக்கு மாற்றி, உருளையிலிருந்து தகட்டில் திரும்பத் திரும்பப் பதித்து, 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள். கட்டைவிரல் நகமளவு முகம் ஒன்று இத்தனை கைகளுக்குப் போனது.

பதிப்பு பெருகியபோது இன்னொரு சிக்கலும் வந்தது. முதலில் எடுக்கும் சில படிகளுக்கு, அதாவது எழுத்துகள் பொறிப்பதற்கு முந்தைய 'புரூஃப்' படிகளுக்கு, எப்போதும் விலை அதிகம். தகடு புதிதாக இருக்கும்போது அச்சான படிகள் ஆயிற்றே. எத்தனை புரூஃப் எடுத்தார்கள் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? இதற்காக அச்சோவிய வியாபாரிகள் 1847ல் ஒரு சங்கம் தொடங்கி, புரூஃப் படிகளில் முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். பழைய படங்களின் ஓரத்தில் மூன்றெழுத்து முத்திரை புடைப்பாகத் தெரிந்தால் அது இதுதான்.

## அகாடமியின் கதவு

ராயல் அகாடமி 1768ல் தொடங்கியபோது ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் ஆகியோருக்கே முழு உறுப்பினர் தகுதி இருந்தது. பிறர் ஓவியத்தைச் செதுக்குபவரின் உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அகாடமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் செதுக்குபவர்களுக்கென்று தனியாக ஓர் இணை உறுப்பினர் வகுப்பை ஏற்படுத்தி, ஆறு பேருக்கு மட்டும் இடம் தந்தார்கள். அந்த ஆறு பேரும் எத்தனை ஆண்டு உழைத்தாலும் முழு உறுப்பினராக முடியாது.

காரணம் என்ன சொன்னார்கள்? செதுக்குக் கலையில் கற்பனை இல்லை, படத்தை அமைக்கும் அறிவும் இல்லை என்றார்கள். செதுக்குக் கலைஞர் ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் இதை எதிர்த்து 1775ல் புத்தகமே எழுதினார். இன்னொரு செதுக்குக் கலைஞரான ஜான் லாண்ட்சீர் மேடைகளில் வாதாடினார். 1836ல் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னும் செதுக்குக் கலைஞர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயம். தங்கள் ஓவியங்கள் நாடெங்கும் போவதற்கு யாரை நம்பியிருந்தார்களோ, அவர்களையே ஓவியர்கள் இரண்டாம் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட்டைக் கறுப்பு வெள்ளையில் வாழவைப்பதற்கு அறிவும் கற்பனையும் வேண்டாம் என்று ஒரு தகட்டையாவது அருகிலிருந்து பார்த்தவர் சொல்லமாட்டார்.

கசின்ஸ் 1835ல் அந்த இணை வகுப்பில் சேர்க்கப்பட்டார். செதுக்குபவர்களும் முழு உறுப்பினராகலாம் என்று 1853ல் விதி மாறியது. 1855ல் அவர் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புது விதியின்கீழ் அந்த மரியாதையைப் பெற்ற முதல் செதுக்குக் கலைஞர் அவர்தான். அப்போது வயது 53.

## கடைசிக் காலம்

அங்கீகாரம் வந்த வேளையில் தொழிலின் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. 1850களின் இறுதியிலிருந்து சின்ன அட்டைகளில் ஒட்டிய புகைப்பட உருவங்கள் மலிவாகக் கிடைத்தன. ராணியின் முகம் வேண்டுமென்றால் இப்போது புகைப்படமே வாங்கலாம். உருவப்படத்துக்காகச் செதுக்குபவரை நாடவேண்டிய தேவை குறைந்தது.

பெயர்பெற்ற ஓவியங்களின் அச்சோவியத்துக்கு மட்டும் மவுசு இருந்தது. கசின்ஸ் ஜான் மிலேயின் ஓவியங்களுக்குத் திரும்பினார். 'விடுதலை ஆணை' 1856லும், 'செர்ரி ரைப்' 1881லும் வெளிவந்தன. செர்ரிப் பழங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் படமான 'செர்ரி ரைப்' அப்போது ஏற்கெனவே வீட்டுக்கு வீடு தெரிந்த படம். 'தி கிராஃபிக்' வார இதழ் 1880 கிறிஸ்துமஸ் மலரோடு அதை வண்ணத்தில் அச்சடித்து லட்சக்கணக்கில் விற்றிருந்தது. எண்பது வயதுக் கலைஞரின் எஃகுத் தகடும், இயந்திரம் துப்பிய வண்ணப் படமும் ஒரே ஓவியத்துக்காக ஒரே சமயத்தில் சந்தையில் இருந்தன.

தரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். மிலேயின் ஓவியங்களுக்காகச் செய்த பிற்காலத் தகடுகளில் லாரன்ஸ் காலத்து விறுவிறுப்பு இல்லை. புள்ளிகளும் அரிப்பும் கூடி, தோல் கொஞ்சம் விறைத்து நிற்கிறது. போப் பயஸின் படத்தில் உடையின் நிழல்கள் ஒன்றில் ஒன்று கரைவதைப் பார்த்துவிட்டு 'செர்ரி ரைப்' பக்கம் வந்தால் வித்தியாசம் உடனே தெரியும். கை தளர்ந்ததைவிட, உலோகமும் சந்தையும் கேட்ட விலை அது என்றே நினைக்கிறேன்.

செம்புத் தகட்டின்மேல் மின்பூச்சு முறையில் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் வித்தை 1850களின் கடைசியிலேயே வந்துவிட்டது. செம்பில் தாராளமாகச் சுரண்டலாம், படிகளும் நிறைய எடுக்கலாம். அது பரவியபோது எஃகுத் தகட்டுக்கும் கலப்பு முறைக்கும் வேலை இல்லாமல் போனது. அடுத்த தலைமுறை மறுபடி தூய மெசோடிண்டுக்குப் போனது. கசின்ஸுக்கு அது காலம் கடந்து வந்த வசதி.

1882ல் லண்டனில் அவருடைய பென்சில் உருவப்படங்கள் காட்சிக்கு வந்தன. யாருடைய ஓவியத்தையும் பாராமல் அவரே நேரில் பார்த்து வரைந்த முகங்கள். எவ்வளவு தேர்ந்த வரைகலைஞர் என்பது அவற்றில் தெரிந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், தொழிலில் சேர்த்த பணத்தில் 15,000 பவுண்டை ராயல் அகாடமியிடம் ஒப்படைத்தார். வயதாகி வருமானமில்லாத கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருவதற்காக. அவரை நெடுங்காலம் வெளித்திண்ணையில் வைத்திருந்த அதே நிறுவனத்தின் வழியாகத்தான் அந்த உதவி போனது. 1887 மே 7 அன்று, 86 வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, லண்டனில் காலமானார்.

## இன்று இந்தப் படங்கள் எதற்கு?

ஓவியமே கையில் இருக்கும்போது அச்சோவியத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். ஜோஷுவா ரெனால்ட்ஸின் கதை இதற்கு விடை. நிலைக்காத வண்ணங்களைப் பயன்படுத்தியதால் அவருடைய ஓவியங்கள் பலவற்றில் முகத்தின் சிவப்பு அவர் காலத்திலேயே வெளிறிப்போனது. அந்த ஓவியங்களில் நிழல் எங்கே விழுந்தது, கன்னம் எவ்வளவு திரண்டிருந்தது என்று ஆராய்பவர்கள் பழைய மெசோடிண்டுகளைத் தேடிப்போகிறார்கள். ஓவியம் தொலைந்தாலோ, எரிந்தாலோ, யாராவது மேலே வண்ணம் பூசி மாற்றினாலோ, மிஞ்சும் சாட்சி இதுதான்.

லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியிலும் கசின்ஸின் படங்கள் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். பார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கி நிழல் பகுதிகளைக் கவனியுங்கள். சீரான மணல் பரப்பு மாதிரியான கருமை தெரிந்தால் அது ராக்கர் போட்ட தளம். முகத்திலோ சரிகையிலோ தனித்தனிப் புள்ளிகளும் அரித்த கோடுகளும் தெரிந்தால் அது கலப்பு முறை. அப்புறம் கீழ்விளிம்பின் வலது மூலைக்குப் போங்கள். அங்கே எழுத்தே இல்லாமல் வெறுமையாக இருந்தால், தகட்டில் பெயர்கள் ஏறுவதற்கு முன்பே எடுத்த புரூஃப் படி உங்கள் திரையில் இருக்கிறது.